பிடிஎஃப் படிவத்தில் ‘கெடிலம்’ என்று அடித்துப் பாருங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பள்ளிகள், சங்கங்கள், கோயில் நிர்வாகங்கள், சின்ன அலுவலகங்கள் எல்லாமே இப்போது படிவத்தை வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாகத்தான் அனுப்புகின்றன. தயாரித்த டிடிபி கடையில் திறந்தால் பளிச்சென்று இருக்கும். அதே கோப்பை ஜெராக்ஸ் கடையில் திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். இல்லாவிட்டால் அச்சிட்ட வரிகள் எல்லாம் ஒழுங்காக இருக்கும், பெயர் நிரப்பும் கட்டத்தில் மட்டும் எழுத்து சிதறிக் கிடக்கும். எதைக் கேட்டாலும் “ஃபாண்டை எம்பெட் பண்ணுங்க, சரியாயிடும்” என்ற ஒரே பதில்தான் வருகிறது. ஃபாண்டைக் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்பச் சொல்கிறார்கள். அந்தப் பதில் பாதிக்குத்தான் பொருந்தும். படிவத்தில் நாம் அச்சிட்டுத் தரும் தமிழுக்கு ஃபாண்ட் ஓரிடத்தில் இருக்கிறது; நிரப்புகிறவர் அடிக்கும் தமிழுக்கு இன்னோரிடத்தில் இருக்கிறது. இரண்டும் கெடும் விதமும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் எத்தனை தடவை எக்ஸ்போர்ட் செய்தாலும் கோளாறு அப்படியேதான் இருக்கும்.

படிவம் தயாரானதும் பெயர்க் கட்டத்தில் ‘கெடிலம்’ என்று அடித்துப் பாருங்கள். கடலூர் ஆற்றின் பெயர், நான்கே எழுத்து. ஆனால் ஒரு பிடிஎஃப் வியூவர் தமிழில் எங்கெல்லாம் தடுக்கி விழுமோ அவற்றில் மூன்று இந்தப் பெயரிலேயே இருக்கின்றன. ‘கெ’வில் ஒற்றைக்கொம்பு கணினிக்குள் க-வுக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது, கண்ணுக்கு முன்னால் தெரிய வேண்டும். ‘டி’ என்பது ட-வும் மேல்விலங்கும் ஒட்டி ஒரே உருவமாக வர வேண்டிய எழுத்து. ‘ம்’ மேல் புள்ளி சரியாக நடுவில் உட்கார வேண்டும். வியூவருக்குத் தமிழை இணைத்து வரையத் தெரியாவிட்டால் க தனியாக நிற்கும், கொம்பு நகர்ந்து ட-வின் முன்னால் போய் ஒட்டிக்கொள்ளும், விலங்கு துண்டாகத் தெரியும், புள்ளி ம-வுக்குப் பக்கத்தில் காற்றில் நிற்கும். ஒரே பார்வையில் விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்து ‘ஸ்ரீமுஷ்ணம்’ அடியுங்கள். ‘ஸ்ரீ’ ஒரே உருவமாக வருகிறதா, ஸ, புள்ளி, ர, ஈகாரம் என்று நான்கு துண்டாக வருகிறதா என்று பாருங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘ஸ்ரீ’யை ஸ-வில் தொடங்கியும் அடிக்கலாம், ஶ-வில் தொடங்கியும் அடிக்கலாம். கணினிகளின் பொது எழுத்துக் குறியீடான யுனிகோடுக்குள் ஶ வந்ததே 2005-இல்தான். சில ஃபாண்டுகள் இரண்டில் ஒன்றைத்தான் சேர்த்து வரையும். அதனால் ஒருவர் கணினியில் சரியாக வரும் ‘ஸ்ரீ’ இன்னொருவர் கீபோர்டில் இருந்து வரும்போது உடையலாம். அதற்குப் பிறகு ‘கோரிமேடு’, ‘லாஸ்பேட்டை’, ‘காட்டுமன்னார்கோயில்’. இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும் ‘கோ’, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு எல்லாம் இவற்றில் வந்துவிடும்.

இப்போது கோளாறை அதன் தோற்றத்தை வைத்தே பிரிக்கலாம். வெற்றுச் சதுரமோ காலியிடமோ வந்தால், அந்த இடத்துக்குக் கொடுத்த ஃபாண்டில் தமிழ் எழுத்தே இல்லை. எழுத்துகள் இருந்தும் உடைந்து வரிசை மாறி நின்றால், ஃபாண்ட் கிடைத்துவிட்டது, இணைத்து வரையும் வேலைதான் நடக்கவில்லை. அச்சிட்ட வரிகளே புள்ளிபுள்ளியாகவோ சம்பந்தமில்லாத எழுத்தாகவோ வந்தால், ஃபாண்ட் கோப்போடு போகவில்லை. பெரிதாக்கிப் பார்க்கும்போது எழுத்தின் ஓரம் ரம்பப் பல்லாகத் தெரிந்தால், எழுத்து படமாக மாறிவிட்டது. நான்கும் நான்கு நோய். மருந்தும் வேறு.

அச்சிட்ட வரிகள்

இது சுலபமான பகுதி. வேர்டு, லிபர்ஆஃபீஸ் இரண்டுமே பிடிஎஃப் ஆக்கும்போது பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் ஃபாண்டிலிருந்து பிரித்தெடுத்து உள்ளே வைத்துவிடும். இதற்கு சப்செட் என்று பெயர். அடோபி ரீடரில் கன்ட்ரோல் டி அழுத்தி ‘ஃபாண்ட்ஸ்’ பக்கத்துக்குப் போனால், ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் ‘எம்பெடட் சப்செட்’ என்று இருக்கிறதா என்று பார்க்கலாம். பார்ப்பதற்கு முன் கோப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருமுறை உருட்டிவிடுங்கள். லினக்ஸ்காரர்களுக்கு பாப்ளர் தொகுப்பில் வரும் பிடிஎஃப்ஃபாண்ட்ஸ் கட்டளை போதும். அது காட்டும் அட்டவணையில் எம்பெட், சப்செட், யுனிகோட் என்று மூன்று பத்திகள் இருக்கும். எம்பெட் பத்தியில் ஒரு ‘நோ’கூட இருக்கக் கூடாது. யுனிகோட் பத்தியில் ‘நோ’ இருந்தால் பார்வைக்குச் சரியாக இருக்கும், ஆனால் தேடினால் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வரும்.

எம்பெட் ஆகாத தமிழ் ஏன் அவ்வளவு மோசமாகக் கெடுகிறது? பிடிஎஃப் தமிழ் எழுத்தைப் பெரும்பாலும் அந்த ஃபாண்டுக்குள் இருக்கும் உருவத்தின் எண்ணாகத்தான் எழுதி வைக்கிறது. ஃபாண்ட் கூடவே போகாவிட்டால் அது தெருப்பெயர் இல்லாத கதவு எண் மாதிரி. அதை வைத்துக்கொண்டு ரீடர் எந்த வீட்டுக்கும் போக முடியாது. ஆங்கில வரியானால் ஏரியலுக்குப் பதில் வேறு ஒன்றைப் போட்டுச் சமாளித்துவிடும். தமிழுக்கு அந்தச் சமாளிப்பு கிடையாது.

டிடிபி கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் அடிக்கடி நடப்பது லதா ஃபாண்ட் விவகாரம். விண்டோஸ் 7-இல் லதாவும் விஜயாவும் கூடவே வந்தன. விண்டோஸ் 10-இல் அவற்றைத் தனித் தொகுப்பாகப் பிரித்துவிட்டார்கள். செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ போய் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ்’ சேர்த்தால்தான் வரும். புதிய கணினி எல்லாவற்றிலும் இயல்பாக இருப்பது நிர்மலா யுஐ. ஆக, பழைய கணினியில் லதாவில் அடித்து, எம்பெட் ஆகாமல் வந்த பிடிஎஃப் புதிய கணினியில் விழும். புதிய கணினிக்குத் தொகுப்பைச் சேர்ப்பது அந்த ஒரு கடையின் அவசரத்துக்கு உதவும். கோப்பைச் சரிசெய்தால்தான் எல்லோருக்கும் சரியாகும்.

ஃபாண்ட் பட்டியலில் நீங்கள் தேர்வு செய்யாத பெயர் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வேர்டிலும் லிபர்ஆஃபீஸிலும் தமிழுக்கு ஃபாண்ட் தனி அறையில் இருக்கிறது. வேர்டில் ஃபாண்ட் பெட்டியைத் திறந்தால் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று கீழே ஒரு பகுதி இருக்கும். லிபர்ஆஃபீஸில் அதே வேலைக்கு ‘சிடிஎல்’ என்ற பகுதி. மேலே ஆங்கிலத்துக்கான இடத்தில் முக்தா மலர் என்று மாற்றிவிட்டு, கீழே இருப்பதைத் தொடாமல் விட்டால் தமிழ் பழைய ஃபாண்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும். லிபர்ஆஃபீஸில் அந்தப் பகுதியே தெரியவில்லை என்றால் ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’ வழியாக மொழி அமைப்புக்குப் போய் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’டை டிக் செய்யுங்கள். ஒவ்வொரு பத்தியாக மாற்றாமல் ஸ்டைலில் மாற்றுங்கள். அட்டவணைக் கட்டத்துக்குள் ஒரு வரி தப்பித்து லதாவில் நின்றுவிட்டால்கூட ஃபாண்ட் பட்டியலில் அது வந்து நிற்கும்.

எம்பெட் ஆகவே மறுக்கும் ஃபாண்டுகளும் உண்டு. ஒவ்வொரு ஃபாண்ட் கோப்புக்குள்ளும் அதைச் செய்தவர் கொடுத்த அனுமதி ஒரு எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது. விண்டோஸில் ஃபாண்ட் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘டீடெய்ல்ஸ்’ போனால் ‘ஃபாண்ட் எம்பெடபிலிட்டி’ என்ற வரியில் அது தெரியும். ‘இன்ஸ்டாலபிள்’ என்றால் தடையே இல்லை. ‘எடிட்டபிள்’ என்றாலும் படிவத்துக்கு உதவும். ‘பிரின்ட் அண்ட் பிரிவியூ’ என்றால் அச்சிட்ட வரிக்கு மட்டும் சரி; நிரப்பும் கட்டத்துக்கு ஆகாது, ஏனென்றால் கட்டத்தில் அடிப்பது திருத்துவது என்ற கணக்கில் வருகிறது. ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்றால் அந்த ஃபாண்டை மறந்துவிடுங்கள். வேர்டில் பிடிஎஃப்பாகச் சேமிக்கும் பெட்டியில் ‘ஆப்ஷன்ஸ்’ திறந்தால், எம்பெட் செய்ய முடியாத எழுத்தைப் படமாக்கு என்று பொருள்படும் ‘பிட்மேப் டெக்ஸ்ட்’ வரி இருக்கும். மேலே சொன்ன ரம்பப் பல் ஓரம் அங்கிருந்துதான் வருகிறது. அந்த டிக்கை எடுத்தால் எழுத்து கூர்மையாகிவிடாது, ஃபாண்ட் போகாமல் நின்றுவிடும். ஃபாண்டை மாற்றுவதே வழி. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, தாராளமாக எம்பெட் செய்யலாம்.

வேர்டின் ‘ஆப்ஷன்ஸ்’, ‘சேவ்’ பக்கத்தில் ‘எம்பெட் ஃபாண்ட்ஸ் இன் தி ஃபைல்’ என்று இருப்பதை டிக் செய்துவிட்டு பிடிஎஃப் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. அது வேர்டு கோப்புக்கானது. பிடிஎஃப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கூகுள் ஃபாண்ட்ஸிலிருந்து இறக்கும்போது ஒரு கவனம் வேண்டும். ஜிப் கோப்புக்குள் முதலில் கண்ணில் படுவது ‘வேரியபிள்’ வகை. ஒரே கோப்பில் மெலிசு முதல் தடிமன் வரை எல்லாம் இருக்கும். பழைய மென்பொருள்கள் இதிலிருந்து போல்டை எடுக்கத் தெரியாமல் சாதாரண எழுத்தையே எம்பெட் செய்யும். லிபர்ஆஃபீஸில் இது 7.5 பதிப்பில்தான் ஒழுங்கானது. கூடவே இருக்கும் ‘ஸ்டாட்டிக்’ ஃபோல்டரைத் திறந்து ரெகுலர், போல்ட் இரண்டை மட்டும் நிறுவிக்கொள்வது நல்லது. இரண்டு வகையையும் சேர்த்து நிறுவினால் எது எடுக்கப்படுகிறது என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும்.

பாமினி, வானவில் ஔவையார் போன்ற பழைய ஃபாண்டுகளில் வைத்திருக்கும் மூலக் கோப்புகள் நம் ஊர்க் கடைகளில் இன்னும் ஏராளம். பேஜ்மேக்கரில் செய்த படிவம் என்றால் அநேகமாக இந்த வகைதான். தமிழக அரசு 2010-இல் யுனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டையும் தரமாக அறிவித்துவிட்டது. கையில் இருக்கும் மூலக் கோப்பு அதற்கு முந்தியதாக இருந்தால் அதை முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். பழைய ஃபாண்டில் அச்சிட்டு மட்டும் கொடுக்கும் படிவம் பிழைத்துவிடும், எம்பெட் ஆனால் போதும். நிரப்பும் படிவம் பிழைக்காது. நிரப்புகிறவர் போனிலோ என்ஹெச்எம் ரைட்டர் போன்ற தட்டச்சு மென்பொருளிலோ யுனிகோடில் அடிப்பார். கட்டத்தின் ஃபாண்ட் பாமினியாக இருந்தால் அதில் யுனிகோட் தமிழுக்கு ஒரு உருவமும் இருக்காது. மாற்றியபின் ‘கௌ’வை ஒருமுறை தேடிப் பாருங்கள். மாற்றும் மென்பொருள்கள் சில சமயம் ‘கௌரி’யை ‘கெளரி’ என்று, கொம்பும் ள-வுமாக எழுதிவிடும். பல ஃபாண்டுகளில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தேடினால்தான் பிடிபடும்.

கோரல்டிராவில் எழுத்தை ‘கர்வ்ஸ்’ ஆக்கிவிடுவது கல்யாணப் பத்திரிகைக்கு நல்ல வழி. படிவத்துக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பார்வையற்றவர் ஸ்கிரீன் ரீடரில் அந்தப் படிவத்தைத் திறந்தால் அவருக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது.

நிரப்பும் கட்டங்கள்

இங்கேதான் நேரம் போகும்.

வேர்டில் செய்த படிவத்தை நேரே பிடிஎஃப்பாகச் சேமித்தால் நிரப்பும் கட்டமே வராது. வேர்டின் கட்டங்கள் வெறும் எழுத்தாக உறைந்துவிடும். லிபர்ஆஃபீஸ் ரைட்டரில் ‘ஃபார்ம்’ மெனுவில் டிசைன் மோடை வைத்து டெக்ஸ்ட் பாக்ஸ் வரைந்து, பிடிஎஃப் எக்ஸ்போர்ட் பெட்டியில் ‘கிரியேட் பிடிஎஃப் ஃபார்ம்’ டிக் செய்தால் கட்டம் வரும். அக்ரோபாட் இருப்பவர்கள் சாதாரண பிடிஎஃப்பை எடுத்து ‘பிரிப்பேர் ஃபார்ம்’ வழியாகக் கட்டம் போடலாம்.

கட்டத்துக்குள் எழுத்து எப்படி வருகிறது என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பிடிஎஃப்புக்குள் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று மதிப்பு, அதாவது நிரப்பியவர் அடித்த எழுத்துத் தொடர், யுனிகோடில். இன்னொன்று தோற்றம், அந்த மதிப்பை எந்த ஃபாண்டில் எந்த அளவில் வரைவது என்ற வரைபடம். நீங்கள் படிவத்தைத் தயாரிக்கும்போது மதிப்பு காலி, தோற்றமும் காலி. ஃபாண்டின் பெயரும் அளவும் குறிப்பாக மட்டும் இருக்கும். ஒருவர் திறந்து அடிக்கும்போதுதான் தோற்றம் பிறக்கிறது, அதுவும் அவர் கையில் இருக்கும் வியூவரின் திறமைக்கு ஏற்ப. ஆகவே உங்கள் அச்சிட்ட வரி ‘எம்பெடட் சப்செட்’ என்று காட்டுவது கட்டத்துக்கு ஒரு உத்தரவாதமும் தராது.

புதுச்சேரிப் படிவங்களில் இதை நேரடியாகவே பார்க்கலாம். அதே கட்டத்தில் பிரெஞ்சுப் பெயர் ஒன்றை அதன் மேற்குறிகளோடு அடித்தால் அழகாக வரும், தமிழ்ப் பெயரை அடித்தால் வராது. காரணம், பெரும்பாலான கட்டங்களுக்கு இயல்பாகக் கொடுக்கப்படும் ஃபாண்ட் ஹெல்வெடிகா. எல்லா ரீடரும் கையில் வைத்திருக்க வேண்டிய பதினான்கு அடிப்படை ஃபாண்டுகளில் அது ஒன்று. அதன் 256 இடங்களுக்குள் ஆங்கிலமும் பிரெஞ்சும் அடங்கிவிடும். அந்தப் பதினான்கில் எதிலும் தமிழ் கிடையாது. மாஹேக்கு மலையாளத்திலும் ஏனாமுக்குத் தெலுங்கிலும் அதே படிவம் போனால் அங்கேயும் இதே கதிதான்.

அடுத்த பொறி சப்செட். கட்டத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் கொடுத்தீர்கள், அதுவும் எம்பெட் ஆனது என்று வைத்துக்கொள்வோம். அது அச்சிட்ட வரியில் பயன்பட்ட எழுத்துகள் மட்டும் கொண்ட சப்செட்டாக இருந்தால், அச்சிட்ட வரிகளில் ‘ஞ’ எங்கும் வராத படிவத்தில் ‘மஞ்சக்குப்பம்’ என்று அடிக்கும்போது ஞ் இடத்தில் ஓட்டை விழும். மற்ற எழுத்தெல்லாம் வந்து ஒன்று மட்டும் காணாமல் போனால் காரணம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். பிடிஎஃப்ஃபாண்ட்ஸ் காட்டும் பட்டியலில் சப்செட்டை அதன் பெயரை வைத்தே அடையாளம் காணலாம்: முன்னால் ஆறு பெரிய ஆங்கில எழுத்தும் ஒரு கூட்டல் குறியும் ஒட்டியிருக்கும். கட்டத்துக்கான ஃபாண்ட் முழுதாக உள்ளே போக வேண்டும், பெயரின் முன்னால் ஒட்டு இருக்கக் கூடாது. இன்டிசைனில் அச்சு பிடிஎஃப் எடுக்கும்போது ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் சப்செட்டுக்கான சதவீதம் கேட்கும். அந்த எண் அச்சிட்ட வரிகளைத்தான் கட்டுப்படுத்துகிறது, அதைக் கொண்டு கட்டத்தைச் சரிசெய்ய முயல வேண்டாம். இன்டிசைனில் தமிழ் அடிப்பதானால் பாராகிராஃப் மெனுவில் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசரை வைத்திருக்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எக்ஸ்போர்ட்டுக்கு முன்பே கொம்பு இடம் மாறியிருக்கும்.

அக்ரோபாட்டில் செய்ய வேண்டியது இது. கட்டத்தின் மேல் ரைட் கிளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘அப்பியரன்ஸ்’. ஃபாண்டை நோட்டோ சான்ஸ் தமிழுக்கோ நிர்மலா யுஐக்கோ மாற்றுங்கள். அளவை ‘ஆட்டோ’வில் விடாமல் 11 என்று கொடுங்கள். சேமித்து, மூடி, மறுபடி திறந்து ‘கெடிலம்’ அடித்துச் சேமித்து, அதன்பின் ஃபாண்ட் பட்டியலைப் பாருங்கள். காலிக் கட்டத்தோடு பட்டியலைப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. எழுத்து வந்த பிறகுதான் எந்த ஃபாண்ட் கூப்பிடப்படுகிறது என்பது வெளியே தெரியும்.

லிபர்ஆஃபீஸில் கட்டத்துக்குத் தமிழ் ஃபாண்ட் கொடுத்தாலும் எக்ஸ்போர்ட்டில் அது ஆங்கில எழுத்துக்கான அமைப்பில்தான் எழுதப்படுகிறது. அதனால் லிபர்ஆஃபீஸில் செய்த கட்டத்தைத் தமிழ் அடிப்பதற்கு நம்ப வேண்டாம். எண், தேதி, ஆங்கிலப் பெயர், மின்னஞ்சல் ஆகியவற்றுக்கு அது தாராளம்.

ஃபாண்ட் முழுதாக உள்ளே இருந்தும் கொம்பு இடம் மாறினால் குற்றம் ஃபாண்டில் இல்லை. ஃபாண்டுக்குள் ‘இதையும் அதையும் சேர்த்து இப்படி வரை’ என்ற விதிகள் இருக்கின்றன, அவற்றைப் படித்து நடப்பது வியூவரின் பொறுப்பு. பல வியூவர்கள் பக்கத்திலுள்ள தமிழைப் பிழையில்லாமல் காட்டுவதற்குக் காரணம், அங்கே சேர்த்து வரையும் வேலையை வேர்டோ லிபர்ஆஃபீஸோ முன்பே முடித்துக் கொடுத்துவிட்டது என்பதுதான். கட்டத்தில் அந்த உதவி கிடையாது. பயர்பாக்ஸில் அடிக்கும்போது தமிழ் அழகாக இருக்கும், ஏனென்றால் அங்கே நீங்கள் அடிப்பது பிரவுசரின் சொந்தப் பெட்டியில். அச்சிடும்போதும் சேமிக்கும்போதும் அது தோற்றத்தைப் புதிதாக வரைய வேண்டும். அதனால் திரையில் வந்ததை வைத்து முடிவு செய்யாமல் பிரின்ட் பிரிவியூவையும், சேமித்த கோப்பை வேறு ரீடரில் திறந்தும் பாருங்கள். குறைந்தபட்சம் கணினியில் அடோபி ரீடர், ஒரு பிரவுசர், ஆண்ட்ராய்டு போன் மூன்றிலும் சோதிக்காமல் படிவத்தை வெளியே அனுப்ப வேண்டாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் போனில்தான் திறப்பார்கள்.

இந்த நிலைமையில் என் யோசனை, தமிழ் அடிக்க வேண்டிய கட்டங்களின் எண்ணிக்கையையே குறைத்துவிடுங்கள். கடலூர் மாவட்டத்தில் பத்து வட்டங்கள்: கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில், ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம், திட்டக்குடி, வேப்பூர். வட்டம் கேட்கும் இடத்தில் டெக்ஸ்ட் பாக்ஸ் வைக்காதீர்கள். டிராப்டவுன் பட்டியலும் வேண்டாம், அதில் தேர்ந்தெடுத்த பெயரையும் வியூவர்தான் வரைய வேண்டும், அதே கோளாறு வரும். பத்துப் பெயரையும் அச்சிட்ட வரியாகப் பக்கத்திலேயே போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ரேடியோ பட்டன் வையுங்கள். பெயர் பக்கத்தின் பகுதி, எங்கே திறந்தாலும் உடையாது. பட்டனுக்குள் வரும் குறி ஜாப்ஃப் டிங்பேட்ஸ், அதுவும் பதினான்கில் ஒன்று. ‘ஆண், பெண், மூன்றாம் பாலினம்’, ‘ஆம், இல்லை’, புதுச்சேரியானால் நான்கு பகுதிகளின் பெயர் எல்லாம் இதே வழியில். பட்டனின் மதிப்பை மட்டும் ஆங்கில எழுத்தில் கொடுத்துவிடுங்கள், பின்னால் எக்செலில் எடுக்க வசதி.

பெயர், அப்பா பெயர், முகவரி மூன்றும் தமிழில் வந்தே ஆக வேண்டும் என்றால் அவற்றுக்கு மட்டும் அக்ரோபாட்டில் முழு ஃபாண்ட் வைத்து, மேலே சொன்ன மூன்று இடத்திலும் சோதியுங்கள். தேறவில்லை என்றால் அந்த மூன்றை மட்டும் அச்செடுத்த பின் கையால் எழுதும் கோடாக விட்டுவிடலாம். அரைகுறையாக உடையும் கட்டத்தைவிட அது மரியாதையானது.

கட்டத்தின் அளவும் எழுத்து எண்ணிக்கையும் தனித் தலைவலி. ஆங்கிலத்துக்கு வரைந்த கட்டத்தில் தமிழ் போட்டால் மேலே விலங்கும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படும். 11 பாயிண்ட் எழுத்துக்கு 8 மில்லிமீட்டர் உயரம் கொடுத்தால் மூச்சு விடும். ‘திருப்பாதிரிப்புலியூர்’ நமக்குப் பதினொரு எழுத்து, கணினிக்கு 22. ஒவ்வொரு சுழியும் கொம்பும் புள்ளியும் அதற்குத் தனிக் கணக்கு. ஆங்கிலப் படிவத்திலிருந்து வந்த ‘அதிகபட்சம் 20’ என்ற வரம்பு அப்படியே இருந்தால் கடைசி ‘ர்’ விழாமல் ‘திருப்பாதிரிப்புலியூ’ என்று நின்றுவிடும். நிரப்புகிறவர் கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருப்பார். தமிழ்க் கட்டத்துக்கு வரம்பே வைக்காதீர்கள், வைத்தால் ஆங்கிலத்துக்குக் கொடுப்பதைப்போல் இரண்டு மடங்கு வையுங்கள். ஒரு எழுத்துக்கு ஒரு சின்னக் கட்டம் என்று பிரிக்கும் ‘கோம்ப்’ அமைப்பைத் தமிழுக்குப் போடவே கூடாது. ‘கடலூர்’ ஆறு அறைகளில் சிதறும், சுழி ஓர் அறையில், புள்ளி ஓர் அறையில்.

படிவம் சரியாக வந்த பிறகு கெடுப்பதற்கும் வழிகள் இருக்கின்றன. அப்லோடு அளவுக்குள் அடக்க ஆன்லைனில் கம்ப்ரெஸ் செய்தால் கோப்பு பல நேரம் புதிதாகக் கட்டப்படுகிறது. பிடிஎஃப்பை மாற்றி எழுதும் கோஸ்ட்ஸ்கிரிப்டில் ஓட்டினாலும் ஃபாண்ட் எம்பெட் ஆகும், ஆனால் நிரப்பும் கட்டம் கட்டமாக மிஞ்சாது. ‘பிரின்ட் டு பிடிஎஃப்’பும் அப்படியே. பிடிடிகே என்ற கட்டளைக் கருவி கொண்டு நூறு பேர் விவரத்தை மொத்தமாகக் கட்டங்களில் ஏற்றி ‘ஃப்ளாட்டன்’ செய்தால், அதாவது கட்டத்தைப் பக்கத்தோடு கரைத்துவிட்டால், தமிழ் இடமெல்லாம் காலியாக வரலாம், கட்டத்தின் ஃபாண்ட் இன்னமும் ஹெல்வெடிகாவாக இருந்தால். சான்றிதழ் மாதிரி மொத்த வேலைக்குக் கட்டத்தை விட்டுவிட்டு லிபர்ஆஃபீஸ் மெயில்மெர்ஜில் நேரே பக்கமாக எடுப்பது சுத்தமான வழி. அங்கே தமிழ் அச்சிட்ட வரியாகவே பிறக்கிறது.

ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருக்கும்போது திரையில் சரியாகத் தெரிந்து அச்சில் மட்டும் உடைந்தால், அடோபி ரீடரின் பிரின்ட் பெட்டியில் ‘அட்வான்ஸ்டு’ அழுத்தி ‘பிரின்ட் ஆஸ் இமேஜ்’ டிக் செய்யுங்கள். பிரின்டர் டிரைவர் ஃபாண்டைக் கையாளும் வேலையிலிருந்து விலகிவிடும். மெதுவாக வரும், ஆனால் வரும்.

ஏற்கெனவே நிரப்பித் திரும்பி வந்த படிவங்களில் தமிழ் சதுரமாகவோ உடைந்தோ கிடந்தால் அவர்களை மறுபடி நிரப்பச் சொல்ல வேண்டாம். கெட்டது தோற்றம் மட்டும், மதிப்பு யுனிகோடில் பத்திரமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அக்ரோபாட்டில் படிவக் கருவியின் ‘மோர்’ மெனுவில் ‘எக்ஸ்போர்ட் டேட்டா’ கொடுத்தால் மதிப்புகள் தனிக் கோப்பாக வரும். பிடிடிகேயில் கட்ட விவரங்களை யுடிஎஃப் 8-இல் கொட்டும் கட்டளை அதே வேலையைச் செய்யும். யுடிஎஃப் 8-இல் வந்ததை நோட்பேடில் திறந்தால் கெடிலம் கெடிலமாகவே இருக்கும். இதைச் செய்யும்வரை அந்தப் படிவங்களைக் கம்ப்ரெஸ் செய்யவோ ஃப்ளாட்டன் செய்யவோ வேண்டாம். அதன்பின் மதிப்பு தனியாக இருக்காது.